ஒரே வளவில் இரண்டு ஆசிரியைகள்

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரே வளவில் வாழும் சகோதரிகள் இருவரைச் சந்தித்தேன். 2009இல் தகப்பனை இழந்து, முகாமில் இருந்து மீளக்குடியேறி, தாயின் கூலி உழைப்பில் படித்தவர்கள். அக்கா அரசாங்கப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. தங்கை முன்பள்ளி ஆசிரியை. இருவருக்கும் ஒரே வருடத்தில் பிள்ளை பிறந்தது.

அக்கா நான்கு மாதங்கள் முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருந்தார். தங்கை முப்பத்தியோராம் நாள் வேலைக்குத் திரும்பினார்.

"நான் வராட்டி வேற ஆளைப் போட்டிடுவினம் மிஸ்" என்றார் தங்கை. "பிள்ளை பெறுறது ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தானே?"

அக்கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அரசாங்க ஆசிரியையின் பிரசவ லீவு தாபனக் கோவையின் 12ஆம் அத்தியாயத்தில் உள்ளது. 2005ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அதனை விரிவாக்கியது. முதலில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் இதில் கணக்கிடப்படுவதில்லை. அதன்பின் பிள்ளையைப் பராமரிக்க அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், தேவையானால் சம்பளமின்றி இன்னும் 84 நாட்களும் கேட்கலாம்.

இந்த இரண்டாம், மூன்றாம் பகுதிகளைப் பற்றி அக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. முழுச் சம்பள லீவு முடிந்ததும் அவர் பாடசாலைக்குத் திரும்ப, பிள்ளை புட்டிப்பாலுக்கு மாறியது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று குடும்பநல மாது சொன்ன அறிவுரை நான்காம் மாதத்தோடு நின்றுபோனது.

"தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பனோ தெரியேல்ல. அரைச் சம்பளத்தில கடன் கட்டேலுமே?" என்றும் அவரே கேட்டார். வீடு கட்டிய கடன், தாயின் மருந்துச் செலவு, தங்கையின் குடும்பம் எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில் தங்கியுள்ளன. பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களில் சட்டம் தரும் உரிமையைக்கூட வறுமை பறித்துவிடுகிறது. எனவே பிள்ளை பிறக்குமுன்பே கடன் தவணைகளைக் கணக்குப் பார்த்து, எத்தனை நாள் அரைச் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று குடும்பமாகத் தீர்மானிப்பது நல்லது.

லீவு விண்ணப்பத்தை எழுத்திலேயே கொடுங்கள். பிரதியொன்றில் திகதியுடன் கையொப்பம் வாங்கி வைத்திருங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். சுற்றறிக்கையின் பிரதி கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்கலாம். நியாயம் கிடைக்காதபோது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

தங்கைக்கு இந்த வழி எதுவும் உதவவில்லை. அவரது முன்பள்ளியை நடத்துவது கிராமத்துக் குழுவொன்று. பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கொடுப்பனவு. நியமனக் கடிதம் இல்லை. லீவு, சேமலாப நிதி, ஓய்வூதியம் எதுவும் இல்லை. பிரசவித்த உடம்புடன் பிறர் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கும் அவரது பச்சிளம் குழந்தை அம்மம்மாவின் மடியில் பசித்துக் கிடந்தது.

ஆனால் அன்று அக்கூட்டத்தில் இருந்தவர்களில் பலர் அந்த முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரே. தங்கை பேசி முடித்ததும் ஒரு தாய் எழுந்து, "எங்கட பிள்ளையளைப் பாத்தவ. நாங்கள் அவவைப் பாக்காட்டி ஆர் பாக்கிறது?" என்றார். முன்பள்ளி ஆசிரியைக்குப் பிரசவத்தின்பின் பன்னிரண்டு கிழமை லீவு கொடுப்பது, கொடுப்பனவை நிறுத்தாதிருப்பது, அந்நாட்களில் தாய்மார் முறைவைத்து உதவி ஆசிரியையுடன் நிற்பது எனப் பேசி, குழுவிடம் கொடுக்கக் கடிதமொன்றை எழுதினார்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் அது ஏற்கப்பட்டு, கூட்டக் குறிப்பேட்டிலும் பதியப்பட்டது.

அது சட்டமாகாது, தங்கைக்கும் காலம் கடந்த உதவிதான். ஆனால் உதவி ஆசிரியை இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தன் வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கில்லை. முன்பள்ளிகளில் பிள்ளைகளை விட்டிருக்கும் சகோதரிகளே, உங்கள் ஊர் ஆசிரியைக்கு என்ன லீவு உண்டு என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.