எலிப்பொறியும் ஒரு பிரெஞ்சுத் தந்திரமும்

மசால்வடை மணத்துக்கு ஆசைப்பட்டு எலி உள்ளே நுழைகிறது. 'டப்'பென்று கதவு விழுகிறது. அடுக்களை மூலையில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு எலிப்பொறி என்று பெயர். மூத்த பிள்ளை கல்லூரியில் படிப்பதோ பொறியியல்! அங்கே சூழ்ச்சி, இங்கே கௌரவம். சொல் மட்டும் ஒன்று.

இந்த வேடிக்கை பிரெஞ்சு மொழியிலும் நடந்திருக்கிறது. நாம் 'இஞ்சின்' என்கிறோமே, பழைய பிரெஞ்சில் அதற்கு முதலில் கூர்மதி என்று பொருள். பிறகு தந்திரம், கண்ணி என்றெல்லாம் ஆகி, யந்திரத்துக்கும் அதுவே பெயராயிற்று. அதன் முன்னால் கெட்டது என்று பொருள்படும் 'மால்' ஒட்டிக்கொண்டு 'மாலெஞ்சின்' பிறந்தது. அதாவது, கெட்ட தந்திரம். ஆங்கிலத்தில் குடியேறிய இந்தச் சொல்லை இன்று பெரிய அகராதியில்தான் தேட வேண்டும். ஆனால் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவி, 1596-ல் வெளியான 'ஃபேரி குவீன்' காவியத்தின் ஐந்தாம் பாகத்தில், ஒரு வஞ்சகனுக்கு இதையே பெயராக வைத்துவிட்டார். ஆசாமி குகைவாசி. முதுகிலே வலை, வாயிலே வேடிக்கைப் பேச்சு. சிரித்து நிற்பவர் மேல் வலை விழும்! துரத்தினால் நரியாவான், புதராவான், பறவையாவான், கல்லும் ஆவான்.

நம் 'பொறி'யைப் பார்க்க ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் சங்கப் பாட்டு மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். அதில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் இன்றைய செய்யாறுதான். தினைப்புனத்தைப் பன்றிகள் பாழாக்காதபடி, அவை நுழையும் வழிதோறும் பெருங்கல்லால் பொறி வைத்திருப்பார்களாம். கூத்தரோடு விறலியரும் வருகிறார்கள். இருட்டில் கல் விழுந்தால் பன்றி என்றும் மனிதர் என்றும் பார்க்குமா? ஆகையால், விடிந்த பிறகு போங்கள் என்கிறார் புலவர். புனம் காப்போர் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவிலே செல்லுங்கள் என்றும் சொல்லி வைக்கிறார். மாலெஞ்சின் தன் வலையை வேடிக்கைப் பேச்சால் மறைத்தான். இங்கே, பொறி இருக்கும் இடத்தையே விருந்தாளிக்குச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த மலைத் தந்திரம்தான் பிடித்திருக்கிறது.

அந்த மலையில் இப்போது சாமை விளைகிறது. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றும் இருக்கிறது. அதுவும் ஒரு பொறிதானே! ஆனால் விடியும் வரை காத்திருங்கள் என்று அதனிடம் சொல்ல முடியாது. இருட்டினால்தான் அதற்கு வேலை.