பானெட் கவசம்: எந்தச் சாலைக்குத் தேவை?

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை லிவன்குட் அருகே தொடங்கி, ஆர்க்டிக் கடலோர எண்ணெய் வயல்களை ஒட்டிய டெட்ஹார்ஸ் வரை 666 கி.மீ. ஓடுகிறது. எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலைக்காக 1974-ல் போட்ட சாலை. பெரும்பகுதி இன்றும் சரளைதான். புழுதி கிளம்பாமலிருக்க அதன்மேல் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். மழை பெய்தால் அந்த உப்பும் சேறும் கலந்து வண்டி முழுக்க அப்பிக்கொள்ளும். எதிரே ஒரு சரக்கு லாரி கடந்து போனால் கற்கள் தெறிக்கும். வாடகை வண்டி நிறுவனங்கள் பலவும் தங்கள் வண்டியை இந்தச் சாலைக்குக் கொண்டுபோக அனுமதிப்பதே இல்லை.

இப்படிப்பட்ட சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பானெட்டின் முன்விளிம்பை ஒட்டி, வளைந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் பார்க்கலாம். அதுதான் பானெட் கவசம். பெரும்பாலும் புகைநிறத்தில் இருக்கும். கனம் சுமார் 3 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உதிரிபாகக் கடைகளில் நூறு டாலர் அளவில் கிடைக்கிறது. கல்லிலிருந்து பெயின்ட்டைக் காக்கும், பூச்சிகளை முன்கண்ணாடியில் படாமல் மேலே தூக்கி அனுப்பும் என்று இரண்டு வாக்குறுதிகளோடு விற்கப்படுகிறது. முதல் வாக்குறுதிக்கு இயற்பியல் துணை நிற்கிறது. இரண்டாவதற்கு அந்தத் துணை மிகக் குறைவு.

கல்லின் கணக்கு

ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள சரளைக்கல்லின் எடை ஏறக்குறைய 5 கிராம். முன்னே போகும் வண்டியின் டயர் அதைக் கிளப்பிவிடும்போது, பெரும்பாலும் அந்தக் கல் நம்மை நோக்கி வேகமாகப் பறந்து வருவதில்லை. மேலே எழும்பி, காற்றில் வேகம் இழந்து, தரையை நோக்கி விழத் தொடங்கும். அந்த இடத்துக்கு நாம்தான் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போய்ச் சேருகிறோம். அந்த மோதலின் ஆற்றல் சுமார் 1.6 ஜூல். அதே கல்லை 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, பானெட் மேல் போட்டால் கிடைக்கும் அடி இது. எதிரே வரும் லாரி 60 கி.மீ. வேகத்தில் கல்லை நம் பக்கம் தள்ளிவிட்டால் மோதும் வேகம் 150 கி.மீ. ஆகிவிடும், ஆற்றல் 4 ஜூலைத் தாண்டும்.

அந்த அடியைத் தாங்க வேண்டிய பெயின்ட்டின் மொத்தக் கனம் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதற்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. உலோகத்தை ஒட்டித் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட். கல் பட்ட இடத்தை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். வெளியே உடைந்த கிளியர் கோட்டின் வெளிறிய ஓரம், உள்ளே பிரைமரின் சாம்பல் நிறம், அடி பலமாக இருந்தால் நடுவில் ஊசிமுனை அளவு உலோகம். குளிரில் பெயின்ட் இறுகி நொறுங்கும் தன்மை பெறுவதால், வடக்கத்திய பனிக்காலத்தில் இந்தச் சேதம் இன்னும் மோசமாகிறது.

வண்டி நிறுவனங்கள் இதைச் சோதிக்கவே ஒரு முறை வைத்திருக்கின்றன. எஸ்.ஏ.இ. ஜே400 என்ற தரநிலைப்படி, சலித்தெடுத்த ஆற்றுச் சரளையை அழுத்தக் காற்றால் பெயின்ட் அடித்த தகட்டின் மீது வீசி, எத்தனை இடத்தில் பெயர்ந்தது, எந்த அடுக்கு வரை பெயர்ந்தது என்று தரம் பிரிக்கிறார்கள். எந்தப் பெயின்ட்டும் இந்தச் சோதனையிலிருந்து முழுசாக மீள்வது அரிது.

ஏன் முன்விளிம்பு மட்டும்?

கவசம் பானெட்டின் முன்பகுதியில் ஒரு கீற்றை மட்டுமே மூடுகிறது. மீதி அவ்வளவு பரப்பும் திறந்து கிடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் கோணத்தில் இருக்கிறது. நேருக்கு நேர் மோதும் கல் தன் முழு ஆற்றலையும் பரப்பின் மீது இறக்கும். 30 டிகிரி சாய்வில் பட்டால், பரப்புக்குச் செங்குத்தாக இறங்குவது கால் பங்குதான். 10 டிகிரியில் அது 3 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது; மீதியோடு கல் சறுக்கிக்கொண்டு போய்விடும். பிக்கப் வண்டியின் பானெட் ஏறக்குறைய தட்டையானது. முகப்பிலிருந்து மேலே வளையும் விளிம்பில்தான் கல் நேராக வந்து அடிக்கிறது. கவசம் மூடுவது அந்த விளிம்பைத்தான்.

உலோகத்துக்கும் கவசத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்துவதிலும் பயன் இருக்கிறது. கல் பட்டதும் பிளாஸ்டிக் லேசாக வளைந்து அடியை வாங்கிக்கொள்கிறது. பெயின்ட் வரை எதுவும் போய்ச் சேருவதில்லை. அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டிலும் கவசம் செய்யலாம். அக்ரிலிக் வெயிலுக்குச் சுலபத்தில் மஞ்சளாகாது. ஆனால் கடும் அடியில் கீறிப் பிளக்கும். பாலிகார்பனேட் பிளக்காது; ஆனால் மேற்பூச்சு இல்லையென்றால் வெயிலில் பழுக்கும்.

ஆனால் பம்பர், பக்கவாட்டு மட்கார்டின் முன்பகுதி, முன்கண்ணாடி, அதன் இருபுறத் தூண்கள், கூரையின் முன்விளிம்பு ஆகியவையும் கல் வாங்கும் இடங்களே. இவற்றுக்குப் பானெட் கவசத்தால் எந்த உதவியும் இல்லை. கண்ணாடி உடையாது என்று நம்பி வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

காற்று வளையும், பூச்சி வளையாது

கவசத்தின் மேல்நுனி சற்றே நிமிர்ந்திருப்பதால் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. காற்றோடு பூச்சியும் திரும்பிவிடும் என்பதுதான் விற்பவர்களின் வாதம். திரும்புவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் அரை மீட்டர் தூரத்தைக் கடக்க ஐம்பதில் ஒரு பங்கு விநாடி போதும். எடையுள்ள பூச்சியின் உடல் காற்றின் புதிய திசைக்கு மாற அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். எனவே அது வந்த வழியிலேயே போய் மோதுகிறது. மிகச் சிறிய, எடை குறைந்த கொசுவினங்களில் சில மேலே தூக்கப்படலாம். கல்லுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

இருந்தாலும் பூச்சி விஷயத்தில் கவசத்துக்கு ஒரு பயன் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சஸ் பகுதிகளில் மே மாதத்தையும் செப்டம்பர் மாதத்தையும் ஒட்டி லவ்பக் என்ற கருநிறப் பூச்சி நெடுஞ்சாலைகளில் ஜோடி ஜோடியாக மொய்க்கும். மோதி நசுங்கியபோது அதன் உடற்சாறு ஏறக்குறைய நடுநிலையில், 6.5 பி.எச். அளவில் இருக்கும். ஒரு நாள் அப்படியே விட்டால் 4.25 வரை அமிலமாகும். வெயிலில் காய்ந்து இறுகும்போது அது கிளியர் கோட்டை அரித்துத் தழும்பு போடுகிறது. அந்தச் சாறு பெயின்ட்டில் படிவதைவிட, கழற்றிக் கழுவக்கூடிய பிளாஸ்டிக்கில் படிவது நல்லது. பூச்சி ஒட்டாத பரப்பு செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு விமானத்துறை சாட்சி. 2015-ல் நாசாவும் போயிங்கும் பூச்சி மிகுந்த லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில், இறக்கைகளுக்கான சிறப்புப் பூச்சுகளை விமானம் ஓட்டிச் சோதித்தன. அவற்றில் ஒன்று, படியும் பூச்சிகளை 40 சதவீதம் அளவுக்குக் குறைத்தது.

கவசத்துக்குப் பின்னால்

வாங்குபவர்கள் அதிகம் யோசிக்காத இடம் கவசத்துக்கும் பானெட்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி. புழுதியும் உப்பும் அங்கே புகுந்து தங்கும். வண்டி அதிர அதிர, ரப்பர் கட்டைகள் அந்தப் புழுதியைப் பெயின்ட்டோடு சேர்த்து அரைக்கும். ஒரு பனிக்காலம் ஓடிய வண்டியில் கவசத்தைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் பட்ட இடங்களில் மட்டும் பளபளப்பு போய், வெளிறிய பிறைவடிவத் தடங்கள் தெரியும். பெயின்ட்டைக் காக்கப் போட்ட பொருளே பெயின்ட்டைத் தேய்த்திருக்கும். பானெட்டில் துளையிட்டுத் திருகும் மாதிரிகள் இன்னும் மோசம். ஒவ்வொரு துளையும் துருவுக்கு வழி திறந்துவிடுகிறது. பொருத்தம் சரியில்லாத கவசம் வேகத்தில் சீழ்க்கையடிப்பதும் உண்டு.

துரு பற்றிய பயத்தையும் வண்டியைப் பார்த்தே எடை போட வேண்டும். 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 அலுமினிய உடலோடு வருகிறது. அதில் செந்துரு பிடிக்காது. ஆனால் உப்பு புகுந்தால் பெயின்ட்டுக்கு அடியில் நூல் நூலாக அரிப்பு ஓடும். எஃகு பானெட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் சிறு காயம் சில காலம் தாங்கும். உலோகம் தெரியும் காயத்தை உடனே டச்-அப் பெயின்ட்டால் மூடுவது இரண்டுக்குமே நல்லது.

கவசத்துக்கு மாற்றாக பாலியூரித்தேன் ஒட்டுப்படலம் இருக்கிறது. கனம் 150 முதல் 200 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது, இடைவெளி இல்லாததால் புழுதி புகாது, சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறையும் வகைகளும் உண்டு. பம்பரிலும் மட்கார்டிலும் ஒட்டலாம். முன்பக்கம் முழுவதும் ஒட்ட ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகும் என்பதுதான் தடை. பெரிய சரளைக் கல்லுக்கு முன் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு இருக்கும் தாங்குதிறன் படலத்துக்குக் கிடையாது.

வாங்கலாமா?

தினமும் சரளைச் சாலையில் ஓடும் வண்டிக்கும், பனிக்காலத்தில் மணலும் பொடிக்கல்லும் தூவும் சாலைகளில் ஓடும் வண்டிக்கும், லவ்பக் மொய்க்கும் நெடுஞ்சாலைக்கும் இந்த நூறு டாலர் தகும். நகரத்துத் தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்குத் தேவையில்லை. வாங்குபவர்கள் துளையிடாமல் மாட்டும் மாதிரியையே வாங்குங்கள். ரப்பர் உட்காரும் இடங்களில் முதலில் ஒட்டுப்படலத் துண்டுகளை ஒட்டுங்கள். பனிக்காலம் முடிந்ததும் கட்டாயம் கழற்றிக் கழுவுங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்று உண்டு. சரளைச் சாலையில் வேகத்தை 100-லிருந்து 70 கி.மீ.-க்குக் குறைத்தால் கல்லின் அடி பாதியாகிவிடும். முன்னே போகும் வண்டியிடமிருந்து தள்ளி ஓட்டினால், கிளம்பிய கல் நாம் போய்ச் சேரும் முன் தரையில் விழுந்துவிடும். பானெட்டோடு முன்கண்ணாடியையும் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துக் காப்பது இந்த இரண்டும்தான். கவசம் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் இவற்றைக் கைவிடாதீர்கள்.