ஆன்லைனில் கடை போட்டாச்சு, ஆள் வர என்ன செய்வது?



இரண்டு மூன்று மாதமாக ஓலைப் பெட்டி முடையும் குழுக்களின் கூட்டத்துக்கு எங்கே போனாலும் எங்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். "கடையை இண்டர்நெட்டில் ஏத்தியாச்சு, படமும் போட்டாச்சு, ஒருத்தரும் வாங்கலையே, ஏன்?" சிலர், "பேசாமல் பழைய வியாபாரிகிட்டயே கொடுத்திடலாமா?" என்றும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வங்கிக் கடன் தவணை மாதம் பிறந்தால் வந்துவிடும். முடைந்து அடுக்கி வைத்த பெட்டி மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வியாபாரி குறைந்த விலைதான் தருகிறார், ஆனால் காசு அன்றைக்கே கைக்கு வருகிறது. அவரிடம் திரும்பிப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்க.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். வாரச் சந்தையில் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால்கூட நாலு பேர் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். காய் வாங்க வந்தவர் கண்ணில் நம் பெட்டியும் படும். இண்டர்நெட்டில் யாரும் அப்படித் தாண்டிப் போவதில்லை. தேடுகிறவர் ஒரு சொல்லை அடிக்கிறார். அந்தச் சொல் எந்தப் பொருளின் பெயரில் இருக்கிறதோ அதைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டும். அதிலும், ஏற்கெனவே விற்ற பொருள், நல்ல அபிப்பிராயம் வந்த பொருள், நிறைய பேர் தொட்டுப் பார்த்த படம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் முன்வரிசை. புதுக் கடைக்கு இது எதுவும் கிடையாது. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதம் கடை அமைதியாக இருப்பதை வைத்து, "நம்ம சரக்கு சரியில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். சரக்கை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

பொருளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

ஒரு குழுவின் கடையைத் திறந்து பார்த்தோம். அழகான பெட்டிகள். பெயர் மட்டும் "கைவினைப் பொருள் 1", "கைவினைப் பொருள் 2" என்று வரிசையாகப் போட்டிருந்தது. இதை உலகத்தில் யாராவது தேடுவார்களா? சென்னையில் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பெட்டி தேடும் அம்மா "கைவினைப் பொருள் 2" என்று அடிக்க மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் கொட்டான் என்பார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ஓலைப்பெட்டி. பெரிதாக இருந்தால் கடகப்பெட்டி. நமக்கு இந்தப் பெயர்கள் போதும். பெங்களூரில் இருப்பவர் "பாம் லீஃப் பாஸ்கெட்" என்று தேடுகிறார். இன்னொருவருக்குப் பொருளின் பெயரே தெரியாது. "ரிட்டன் கிஃப்ட்", "பிளாஸ்டிக் இல்லாத பரிசுப் பொருள்" என்று உபயோகத்தை வைத்துத் தேடுகிறார். நம் ஊர்ப் பெயரை விட்டுவிட வேண்டாம், அதுவும் இருக்கட்டும். அதோடு வாங்குகிறவர் வாயில் வரும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

அது என்ன சொல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? செலவில்லாத வழி இருக்கிறது. வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்க. கூகுளில் "பாம் லீஃப்" என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு, தேடும் பொத்தானை அழுத்தாமல் நிறுத்துங்க. கீழே சில வரிகள் தானாக வரும். மற்றவர்கள் தேடுகிற சொற்கள் அவை. நம் பொருளுக்குப் பொருந்துவதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்க. பிறகு பெயரை இப்படி மாற்றலாம்:

"பனை ஓலைப் பெட்டி (கொட்டான்), மூடியுடன், 6 அங்குலம், கல்யாணத் தாம்பூலம் மற்றும் ரிட்டன் கிஃப்ட், கையால் முடைந்தது."

என்ன பொருள், எதனால் செய்தது, என்ன அளவு, எதற்கு உதவும் என்ற நாலும் இதில் வந்துவிட்டது. இதையே ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதுங்க. கீழே விவரம் எழுதும் இடத்தில் நீளம், அகலம், உயரம், எடை, எத்தனை கிலோ தாங்கும், எப்படித் துடைக்க வேண்டும் என்பதைச் சேருங்க. சாயம் போட்ட ஓலையை "இயற்கை நிறம்" என்று எழுதக்கூடாது. ஓலை இயற்கைப் பொருள் என்பதால் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நிறம் கொஞ்சம் மாறும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்க. பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும்.

ஒரு எச்சரிக்கை. செட்டிநாடு கொட்டான், பத்தமடைப் பாய் போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பகுதியைச் சேராத பொருளுக்கு, கண்ணில் படட்டும் என்று அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படி தவறு. நம் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வோமே, அதுக்கென்ன குறைச்சல்?

படம்

போனில் தேடும்போது நம் படம் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். அந்த அளவில் பொருள் பளிச்சென்று தெரிய வேண்டும். வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, தரை வரை இழுத்து, அதன்மேல் ஒரே ஒரு பெட்டியை வையுங்க. பூப்போட்ட சேலையை விரித்தால் பெட்டி அதில் காணாமல் போய்விடும். காலை 8 மணி வாக்கில் தாழ்வாரத்து நிழல் வெளிச்சம் போதும். உச்சி வெயிலும் வேண்டாம், பிளாஷும் வேண்டாம். இரண்டாவது படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயை வையுங்க. 6 அங்குலம் என்று எழுதினால் புரியாதவருக்கும் அளவு புரிந்துவிடும். மூன்றாவது படத்தில் முடைகிற கை வரட்டும். இதே பொருளை மெஷினில் செய்து விற்கிறவரால் போட முடியாத படம் அது. வேறு யாரோ எடுத்த அழகான படத்தை இண்டர்நெட்டிலிருந்து எடுத்துப் போடாதீங்க. வாங்கியவர் பிரித்துப் பார்த்து, "படத்தில் வேற, கையில் வேற" என்று திருப்பி அனுப்புவார்.

முதல் இருபது பேர் யார்?

எங்கள் அனுபவத்தில் முக்கியமான பகுதி இதுதான். முன்பின் தெரியாதவர் தேடி வந்து வாங்குவது பிற்பாடு நடப்பது. முதலில் வாங்குகிறவர்கள் நம்மை, அல்லது நம்மில் ஒருவரையாவது தெரிந்தவர்கள். குழுவாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்க. பள்ளிக்கூட டீச்சர், வங்கி மேலாளர், செவிலியர் அம்மா, திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தம். 12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு 10 பெயர் சொன்னாலே 120 பேர்!

இவர்களுக்கு எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனி ஆப் 2018 முதல் இருக்கிறது. இலவசம். அதில் கேட்டலாக் என்ற பகுதியில் பொருளின் படம், விலை, விவரம் எல்லாம் போட்டு வைக்கலாம். கேட்டவருக்கு ஒரே ஒரு லிங்க் அனுப்பினால் போதும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டுச் செய்தி அனுப்பினால், நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். எனவே முதலில் ஒவ்வொருவரிடமும் பேசி, "இது எங்க குழு நம்பர், சேமிச்சு வச்சுக்கோங்க" என்று சொல்லுங்க. கேட்காமல் ஊரில் உள்ளவர்களை எல்லாம் குரூப்பில் சேர்த்து, தினம் காலையில் பத்துப் படம் அனுப்பினால் அவர்கள் நம்மைத் தடை செய்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு பொருள் போதும்.

கண்காட்சிக்கும் கல்லூரிச் சந்தைக்கும் போகும்போது இதையே நினைவில் வையுங்க. ஸ்டால் சில நாளில் முடிந்துவிடும். அங்கே வாங்கியவருக்கு நாம் யார் என்று அடுத்த மாதம் நினைவிருக்காது. ஆகவே விற்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு சீட்டு போடுங்க. குழுவின் பெயர், ஊர், போன் நம்பர், கடையின் கியூஆர் குறி, முடைந்தவர் பெயர் அவ்வளவுதான். கல்யாணத்துக்கு 200 பெட்டி வாங்கினால் 200 வீட்டுக்கு நம் சீட்டு போகிறது. காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைவிட இதை நாங்கள் நம்புகிறோம். (கல்யாண வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்க.)

வீடியோவும் உதவும். 2020-ல் டிக்டாக் தடையான பிறகு அதே மாதிரி குட்டி வீடியோக்கள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஓடுகின்றன. ஓலையைக் கிழிப்பது, சாயத்தில் முக்குவது, மூடி பொருத்துவது என்று அரை நிமிடம் எடுத்தால் போதும். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கையை மட்டும் காட்டுங்க. நேரில் ஆள் வந்து வாங்கும்படி வேலைக் கொட்டகையோ கடையோ இருந்தால், கூகுள் மேப்பில் அதைப் பதிந்து வையுங்க. அதற்கும் கட்டணம் இல்லை.

வாங்கியவரிடம் கேளுங்க

பெட்டி போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு செய்தி அனுப்புங்க. "அம்மா, பெட்டி நல்லபடியா வந்துச்சா? பிடிச்சிருந்தா கடையில் ரெண்டு வரி எழுதுங்க." கேட்டால்தான் எழுதுவார்கள். பத்து உண்மையான அபிப்பிராயம் சேர்ந்துவிட்டால் பதினோராவது ஆள் தயங்குவது குறைந்துவிடும். குழு உறுப்பினர்களே வாங்கியவர் மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் நுகர்வோர் போல நடித்து அபிப்பிராயம் எழுதக்கூடாது. யாராவது குறை சொல்லி எழுதினால் பதிலுக்குச் சண்டை போடாமல், "மன்னிக்கணும், வேறு பெட்டி அனுப்புகிறோம்" என்று எழுதுங்க. படிக்கிற மற்றவர்கள் நம் பதிலைத்தான் பார்ப்பார்கள்.

எந்த மாதத்தில் எதைக் காட்டுவது என்பதையும் யோசிக்கணும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கும் தைக் கல்யாணத்துக்கும் அந்த மாதங்களில்தான் தேடுவார்கள். கொலு வைத்துக் கொடுக்கும் பரிசுக்கு நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் முன்பே படம் ஏறியிருக்க வேண்டும். பெரிய ஆர்டர் வந்தால் எத்தனை நாளில் முடியும் என்று குழுவில் கேட்டுவிட்டுச் சொல்லுங்க. கையில் சரக்கு இல்லாத பொருளைக் கடையில் "இருப்பு இல்லை" என்று மாற்றிவிடுங்க. ஆர்டரை எடுத்துவிட்டு அனுப்பாவிட்டால் பெரிய தளங்களில் கடையின் மதிப்பெண் குறையும், கடை பின்வரிசைக்குப் போகும்.

கடைசி நிமிடத்தில் ஆள் ஓடுவது ஏன்?

பொருளைப் பிடித்து, வாங்கும் பொத்தான் வரை வந்தவர் திரும்பிப் போனால், அனுப்பும் செலவைப் பார்த்து மலைத்திருப்பார். ஓலைப் பெட்டி எடை இல்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். கூரியர்காரர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 30 சென்டிமீட்டர் சதுரமும் 25 உயரமும் உள்ள அட்டைப்பெட்டி என்றால் 4.5 கிலோ கணக்கு, உள்ளே அரைக் கிலோதான் இருந்தாலும்! அதனால் ஒன்றுக்குள் ஒன்று போகும்படி 3 அளவில் முடைந்து, செட்டாக விற்றுப் பாருங்க. ஒரு பெட்டி அனுப்பும் செலவில் மூன்று போகும்.

வரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்புக்குள் உள்ள சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, பான் எண்ணை வைத்து ஒரு பதிவெண் மட்டும் வாங்கி, பெரிய தளங்கள் வழியாகத் தன் மாநிலத்துக்குள் விற்கலாம். இந்தச் சலுகையில் வெளி மாநில விற்பனை சேராது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மதி சந்தையிலும், மத்திய அரசின் இ-சரஸ் தளத்திலும் குழுப் பொருட்களுக்கு இடம் உண்டு. சேர விரும்பும் குழுக்கள் தீர்மான நகலோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க.

ஒரு போன் வரும்

கடை திறந்த கொஞ்ச நாளில் யாராவது கூப்பிடுவார்கள். "மேடம், உங்க கடையை கூகுளில் முதல் இடத்தில் கொண்டு வர்றோம், 5,000 ரூபாய் அனுப்புங்க." முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. இன்னொருவர் 300 பெட்டி ஆர்டர் என்று சொல்லி, "முன்பணம் போடுறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். அப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. விளம்பரத்துக்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், விற்ற லாபத்திலிருந்து சின்னத் தொகையாக எடுங்க. சுழல் நிதியில் கை வைக்க வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது குழுவுக்கு ஒருவர், கடை திறந்திருக்கும் போன், ஒரு பொருள், ஒரு வெள்ளை வேட்டி, அளவு டேப் கொண்டு வாங்க. கூட்டம் 11 மணிக்கு என்றாலும் 9 மணிக்கே வந்துவிடுங்க, அலுவலகத் தாழ்வாரத்தில் அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். பெயர் மாற்றுவதையும் படம் எடுப்பதையும் அங்கேயே செய்துவிடலாம்.