ஆபத்து வேளையும் ஆயத்தமும்

வீட்டில் ஓர் ஆபத்து நேர்ந்தால், அங்குள்ள ஐந்தாறு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வெளியேறிவிடலாம். நானூறு மாணாக்கர் பயிலும் கல்லூரியிலும், நூறு இலிகிதர் பணிபுரியும் காரியாலயத்திலும் அஃது எளிதன்று. அங்கே ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து நிற்பர். கட்டளையிட வேண்டியவர் யாரென்று பலர் அறியார். அறிந்திருப்பினும், அவர் அன்று விடுமுறையில் இருத்தல் கூடும். ஆதலால், பலர் கூடும் இடங்களில் ஆபத்து வேளைக்குரிய முடிவுகளுட் பெரும்பாலானவை, ஆபத்து வருவதற்கு முன்னரே எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பெருந்துயரத்தின் வாயிலாக உணர்த்திய நிகழ்ச்சியொன்று யப்பான் நாட்டில் நிகழ்ந்தது.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு, அந்நாட்டின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியிலே மிகப் பெரிய நிலநடுக்கம் உண்டாயிற்று. இஷினொமாக்கி நகரைச் சேர்ந்த ஒகாவா ஆரம்பப் பாடசாலை கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உள்ளே, ஓர் ஆற்றங்கரையை அடுத்து அமைந்திருந்தது. ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒழுங்காக முற்றத்திற்கு அழைத்து வந்தனர். அதுவரை யாவும் முறைப்படியே நடந்தன. ஆனால் அடுத்து எங்கே செல்வது? ஆழிப்பேரலை வருமாயின் அருகிலுள்ள வெற்று நிலத்துக்கோ பூங்காவுக்கோ செல்லுமாறு பாடசாலையின் கையேடு கூறியதேயன்றி, இன்ன இடம் என்று குறிக்கவில்லை. பாடசாலைக்குப் பின்புறத்தே குன்று இருந்தது. அதில் ஏறுவதா, நிற்பதா என்று முடிவு காணாமலே ஏறத்தாழ 50 நிமிடங்கள் கழிந்தன. இறுதியில் ஆற்றுப் பாலத்தை அடுத்திருந்த மேட்டை நோக்கி அவர்கள் நடக்கத் தொடங்கியபொழுது அலை வந்து சூழ்ந்தது. அப்பாடசாலையின் 108 மாணாக்கருள் 74 பேரும், ஆசிரியருள் 10 பேரும் மாண்டனர்.

அதே நாளில், அதே கரையில் அமைந்த கமாயிஷி நகரில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. அந்நகரப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர் கட்டாடா என்பார் பல ஆண்டுகளாக மூன்று நெறிகளைக் கற்பித்து வந்தார். முன்கூட்டிய கணிப்பை முற்றாக நம்பியிராதே. அவ்வேளையில் இயன்ற அனைத்தையும் செய். பிறருக்காகக் காத்திராமல் முதலில் நீயே புறப்படு என்பனவே அவை. நிலம் நடுங்கியதும் உனொசுமாய் என்னும் பகுதியின் நடுத்தரப் பாடசாலை மாணாக்கர் மேட்டை நோக்கி ஓடினர். அதைக் கண்ட ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். குறித்த இடத்தை அடைந்தபின், அவ்விடமும் போதாதெனக் கண்டு இன்னும் உயரத்துக்குச் சென்றனர். இவ்வாறு வெளியேறிய ஏறத்தாழ 600 பிள்ளைகளும் பிழைத்தனர். பாடசாலைக் கட்டடங்களோ நீரில் மூழ்கின.

இவ்விரு இடங்களுமே ஆழிப்பேரலை எட்டாத இடங்களென அந்நாளைய வரைபடங்களிற் குறிக்கப்பட்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஒகாவாவின் ஆசிரியர்கள் பிள்ளைகள்பால் அன்பு குறைந்தவர்கள் அல்லர்; அவர்களிற் பலர் பிள்ளைகளுடனேயே மாண்டனர். குறைபாடு அன்றைய பிற்பகலில் தோன்றியதன்று, முன்னரே இருந்தது. செண்டாய் மேல் நீதிமன்றம் 2018இல் வழங்கிய தீர்ப்பும் அதுவே. செல்லவேண்டிய இடத்தையும் வழியையும் முன்னரே வகுத்துவைக்கும் கடமையிற் பாடசாலையும் கல்விச் சபையும் தவறின என்று அது கூறிற்று. 2019இல் யப்பானின் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியதும் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.

காரியாலயங்களுக்கும் இதுவே விதி. நியூயோர்க் நகரின் உலக வர்த்தக நிலையத்தில் 1993இல் வெடிகுண்டுத் தாக்குதல் நிகழ்ந்தபின், அங்கிருந்த மோர்கன் ஸ்ரான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவரான றிக் றெஸ்கோர்லா, ஊழியர்களை அடிக்கடி மாடிப்படிகளின் வழியே இறங்கப் பயிற்றுவித்தார். உயர்ந்த பதவியிலிருந்தோர்க்கும் விலக்கு அளிக்கப்படவில்லை. வேலை கெடுகிறதென்று முணுமுணுத்தவர்களும் இறங்கியே ஆகவேண்டியிருந்தது. 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அடுத்த கோபுரம் தாக்கப்பட்டபொழுது, இருந்த இடத்திலேயே இருக்குமாறு ஒலிபெருக்கி அறிவித்தது. அவரோ பழகிய முறைப்படி அனைவரையும் இறங்கச் செய்தார். அக்கோபுரத்திலிருந்த ஏறக்குறைய 2,700 ஊழியருள் மிகப் பெரும்பாலானோர் தப்பினர். எஞ்சியோரைத் தேடி மீண்டும் மேலே சென்ற அவர் திரும்பவில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை, 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை 30,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. அந்நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறையும்கூட. கரையோரப் பாடசாலைகளும் காரியாலயங்களும் பூட்டிக் கிடந்தன. அது வேலைநாளாக இருந்திருப்பின், மணி அடிக்கப்பட்டதும் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடியிருப்பர்? ஒவ்வொரு நிலையத்தின் தலைவரும் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி இது. 2005இல் நிறைவேற்றப்பட்ட அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. அரசாங்கத்தின் எச்சரிக்கை வாயில்வரையே வரும். வாயிலுக்கு உள்ளே நடக்கவேண்டியதை அங்குள்ளவரே வகுத்தல் வேண்டும்.

முதலாவதாக வகுக்கவேண்டியது இடம். நெருப்புக்கு அஞ்சி வெளியே ஓடவேண்டும். ஆழிப்பேரலைக்கு மேடு தேடி ஏறவேண்டும். மண் சரியுமாயின் சரிவின் பாதையை விட்டு விலகவேண்டும். கடும்புயலின்போது உறுதியான கட்டடத்தின் உள்ளேயே இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மணியோசை பொருந்தாது. வெவ்வேறு ஆபத்துக்கு வெவ்வேறு குறிப்பும், ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்த ஓர் இடமும், அவ்விடத்துக்கு இரண்டு வழிகளும் வேண்டும்.

இரண்டாவது ஆள். அதிபர் இல்லாத நாளில் கட்டளையிடுபவர் யார்? அவரும் இல்லையெனில் அடுத்தவர் யார்? வரவு இடாப்பை எடுத்துச் செல்பவர், மின்னோட்டத்தை நிறுத்துபவர், ஆய்வுகூடத்தின் எரிவாயுவை அடைப்பவர், பின்வாயிலின் திறப்பை வைத்திருப்பவர் ஆகியோரின் பெயர்கள் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்கும், மணியோசை கேளாத இலிகிதருக்கும் துணை செல்வோர் முன்னரே குறிக்கப்படல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் விரிவுரையாளரும் வழியை அறிந்திருத்தல் அவசியம்.

மூன்றாவது வாயில். 1911இல் நியூயோர்க்கின் றயாங்கிள் தையல் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 பேர் மாண்டனர். ஒன்பதாம் மாடியின் வாயிற்கதவொன்று பூட்டப்பட்டிருந்தமை அத்தனை உயிர்கள் மாண்டதற்கு ஒரு பெருங்காரணமாயிற்று. களவுக்கு அஞ்சிப் பூட்டிய வாயிலும், பழைய கோவைகளும் உடைந்த கதிரைகளும் அடுக்கப்பட்ட விறாந்தையும் ஆபத்து வேளையில் பகையாய் மாறும். பலர் வெளியேறும் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். மக்கள் உள்ளே இருக்கும்வரை அது பூட்டப்படலாகாது.

தீ மூண்டால், சுவாலையைவிடப் புகையே பெரும்பாலும் உயிரைக் குடிக்கும். புகை மேலெழுவதால், தாழக் குனிந்து செல்லுதல் நன்று. மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். சுடுமாயின் வேறு வழியை நாடவேண்டும். அனைவரும் வெளியேறியபின் கதவைச் சாத்திவிட்டால் தீ பரவுவது தாமதமாகும். மின்தூக்கியிற் செல்லலாகாது. மின்சாரத்தால் மூண்ட தீயில் தண்ணீர் ஊற்றலாகாது. வெளியேறியபின் புத்தகத்துக்காகவோ கைப்பைக்காகவோ திரும்பலாகாது. கூடுமிடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால்தான் உள்ளே அகப்பட்டவர் உண்டா இல்லையா என்பது தெரியும். தீயணைப்புச் சேவைக்கு 110, நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்னும் தொலைபேசி இலக்கங்கள் ஒவ்வோர் அறையிலும் கண்ணிற் படுமாறு எழுதப்படல் நலம்.

இவையனைத்தும் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டாலே போதுமென்று எண்ணுதல் தவறு. ஒகாவாவிலும் கையேடு இருந்தது. எழுத்தைக் காலுக்கும் கைக்கும் பழக்குவது ஒத்திகையே. அவ்வொத்திகையிலும், ஒருமுறை முன்னறிவித்தலின்றி ஒரு மாடிப்படியை அடைத்துவைத்து, மாணாக்கர் மற்ற வழியைக் கண்டுகொள்கின்றனரா என்று பார்த்தல் வேண்டும். மற்றொருமுறை அதிபரே ஒதுங்கி நின்று, அவரின்றிக் காரியம் நடைபெறுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். அப்பொழுது வெளிப்படும் குறைகளை அன்றே குறித்துத் திருத்தலாம்.

தவணைக்கு ஒருமுறை இவ்வாறு ஒரு மணி நேரம் செலவாகும். பாடம் கெடுகிறதென்று ஆசிரியரும், வேலை கெடுகிறதென்று மேலதிகாரியும் வருந்தக்கூடும். ஒகாவாவின் முற்றத்தில் ஆலோசனையிற் கழிந்த நேரமோ ஒரு மணிக்கும் குறைவே. அவ்வாலோசனை அமைதியான ஒரு நாளில் நடந்து முடிந்திருக்குமாயின், அப்பிள்ளைகள் குன்றில் ஏறுவதற்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்திருக்கும்.