தொட்டிலில் விழும் தூசி

சாரல் தொடங்கிவிட்டால் போதும், குற்றாலத்துக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் வருகிறது. அருவியில் குளிக்க மட்டுமா? நல்ல காற்று வாங்க! வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அங்கிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் சாலையில் சற்றுத் தூரம் வந்து புளியறையில் நின்று பாருங்கள், தோழர்களே! அதே மலை, அதே சாரல். காற்று மட்டும் வேறு.

1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. புளியறை எல்லை ஊராயிற்று. எல்லை என்றால் சாவடி. சாவடி என்றால் வரிசை. கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளம் நோக்கி, 'எஸ்' வளைவு ஏற்றத்தில் முக்கி முனகி ஏறுகின்றன. கல் அக்கரைக்குப் போகிறது. காசு முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. புகையும் தூசியும் சாலையோர வீட்டுத் தொட்டிலுக்குப் போகின்றன!

பெரியவர்களுக்கும் அதே காற்றுத்தானே என்று கேட்பார் உண்டு. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 முறை. நம் நுரையீரல் கட்டி முடித்த வீடு. அதனுடையது இன்னும் கொத்து வேலை நடக்கும் வீடு. பிறக்கும்போது காற்றுப்பைகள் சில கோடி; வளர்ந்தபின் 30 கோடிக்கு மேல். பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உண்டாகிறது. அந்த நேரத்தில், தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயுள்ள துகள் உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? மூச்சுக்குழல் வீங்குகிறது, இழுப்பும் நிமோனியாவும் எளிதில் பற்றுகின்றன. வளர்ச்சி குன்றிய அந்த நுரையீரலோடுதான் நாளை அந்தப் பிள்ளை மூட்டை தூக்க வேண்டும்.

கருவிலேயே தொடங்குகிறது இந்தக் கேடு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நுண்துகள் கூடக் கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது என்று கண்டார்கள். எடை குறைந்த குழந்தைக்கு நோயை எதிர்க்க வலு ஏது?

விதி என்று சொல்லாதீர்கள். தெற்குக் கலிபோர்னியாவில் சட்டம் போட்டு வண்டிப் புகையை அடக்கினார்கள். முந்திய பிள்ளைகளைவிடப் பிந்திய பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்திருப்பதை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்கப் பிள்ளைக்கு ஆவது நம் பிள்ளைக்கு ஆகாதா?

லாரி ஓட்டும் தோழர் நமக்குப் பகைவர் அல்லர். அவர் வீட்டிலும் தொட்டில் ஆடுகிறது. நாள் முழுதும் அந்தப் புகையைக் குடிப்பவரும் அவரே. தார்ப்பாய் வாங்க வேண்டியவர் உரிமையாளர். அளவுக்கு மேல் ஏற்றச் சொல்பவரும் அவர்தாம்.

முதலாளியைச் சொன்னோம், நம்மையும் சொல்ல வேண்டாமா? வேலை முடிந்து வீடு திரும்பி, தொட்டிலருகே உட்கார்ந்து பீடி பற்றவைக்கும் தகப்பன் எத்தனை பேர்! சாவடியில் கோஷம், வீட்டுக்குள் புகையா?

மூடாத பாரத்தை எல்லையில் நிறுத்துங்கள். வரிசையில் நிற்கும் வண்டியின் எஞ்சினை அணைக்கச் செய்யுங்கள். புளியறையில் காற்றை அளந்து கணக்கை ஊர்ப் பலகையில் எழுதிப் போடுங்கள். மே 1-ல் கூடும் கிராம சபையில் இந்தத் தீர்மானத்தைத் தோழர்கள் கொண்டுவர வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு முன்வரிசையை விடுங்கள். பீடியை வெளியிலேயே அணைத்துவிட்டு வாருங்கள்.