பையனுக்குக் கஞ்சி, அப்பனுக்குப் பரோட்டாவா?

போன வருஷம் தை மாசம். ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் அரிசி மூட்டையைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பத்தாவது படிக்கும் என் பையன் எடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக வருகிற ஒருவர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா இப்படித்தான் ஆவோமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். வியாபாரம் ஆச்சே, நானும் சிரித்துவைத்தேன். பையன் மட்டும் எழுந்து வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அதுக்கப்புறம் அவன் சந்தைக்கு வரவில்லை.

நஞ்சில்லாமல் விளைவிக்கிறோம், நஞ்சில்லாமல் சாப்பிடுகிறோம், நமக்கு ஒண்ணும் வராது என்று நம்மில் பல பேருக்கு ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. அது எப்படிப் போச்சு என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவன் மேலேதான் பாய்ந்தேன். "நாளையிலிருந்து ராத்திரிக்குக் கொள்ளுக் கஞ்சி மட்டுந்தான்" என்று சட்டம் போட்டேன். பத்து நாள் நடந்தது. அவன் கஞ்சி குடிப்பான். எதிரே உட்கார்ந்து, டவுனில் வாங்கி வந்த பரோட்டாவை நான் சாப்பிடுவேன். பதினோராம் நாள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனால், போருக்குள்ளே பிஸ்கட் உறைகளும் குளிர்பான பாட்டில்களும் செருகிக் கிடந்தன. ஒளிந்து தின்கிற பழக்கத்தை நானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். அவன் பின்கழுத்தில் கருப்பாகப் படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்துவிட்டேன். தோல்தான் சிவந்தது, கருப்பு போகவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"நீங்களும் ஏறுங்க"

உயரம் 163 செ.மீ., எடை 76 கிலோ. கழுத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இது அழுக்கு இல்லீங்க. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும்" என்றார். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்ததில் 106 வந்தது. 100-க்குக் கீழே இருக்க வேண்டும், 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று விளக்கினார். பதினஞ்சு வயசுப் பையன்!

அடுத்து என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க" என்றார். 88 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. நம்ம ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். மாடு பூட்டி உழுத காலத்தில் எனக்குத் தொப்பை கிடையாது. பவர் டில்லர் வந்தது, தோட்டத்துக்குப் போக பைக் வந்தது, சந்தைக்குப் போகும்போதெல்லாம் பேக்கரி டீயும் பன்னும் வந்தது. தொப்பையும் கூடவே வந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னது இதுதான்: "வளர்ற பையனைப் பட்டினி போடாதீங்க. எடை ஏறாம நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சது, உயரம் கூடக்கூட உடம்பு தானா சரிக்கு வரும். எடை குறைய வேண்டியது நீங்க. நீங்க குறைஞ்சா அவன் பார்த்துக் கத்துக்குவான்."

இதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் லியோனார்ட் எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 6 முதல் 12 வயது வரையுள்ள, எடை கூடிய பிள்ளைகளைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 1990-ல் முடிவை வெளியிட்டார். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்களில்தான் பலன் நிலைத்திருந்தது. என் பையனைவிடச் சின்னப் பிள்ளைகள்தான். ஆனாலும் நமக்குப் புரியாத சங்கதி இல்லை. பயிர் மஞ்சளடித்தால் பயிரையா திட்டுகிறோம்? மண்ணைத்தானே பார்க்கிறோம்.

கிணற்றுப் படியில்

நடக்கக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்றான், ஊரே பார்க்குமாம். சரி, கிணற்றுக்குப் போகலாம் என்றேன். சின்ன வயசில் என் முதுகில் சுரைப்புருடையைக் கட்டித்தான் எங்கப்பா நீச்சல் பழக்கினார். நான் அவனுக்குப் பிளாஸ்டிக் கேனைக் கட்டினேன். விடிகாலையில் நாங்க ரெண்டு பேர் மட்டும். சட்டையைக் கழற்றவே யோசித்தான். நான் முதலில் கழற்றி, "எந்தொப்பையப் பாரு சாமி, இதுக்கு முன்னால உனக்கென்ன வெக்கம்?" என்றேன். சிரித்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது தானாகச் சொன்னான். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் குண்டான்னுதான் கூப்புடறாங்கப்பா."

"எவன்டா அவன்? நான் வந்து வாத்தியார்கிட்ட பேசறேன்."

"நீங்களுந்தானப்பா அப்பிடிக் கூப்புடறீங்க."

எனக்கு வாயே எழவில்லை. மூணு வயசிலிருந்து அவன் எனக்கு 'குண்டா'தான். செல்லமாகத்தான் கூப்பிட்டேன். அவன் காதில் அது செல்லமாக விழுந்து எத்தனை வருஷம் ஆச்சோ, நான் கேட்டதே இல்லை. அன்றோடு அந்தப் பேரை விட்டேன். சொந்தபந்தத்திலும் யாராவது உடம்பைப் பற்றிப் பேசினால், "வேற பேசுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு வைக்கோல் போரில் உறைகள் குறைய ஆரம்பித்தன.

ஒரே சட்டி, ஒரே சோறு

எங்கம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. "வளர்ற புள்ளைக்கு அளந்தாடா சோறு போடுவே?" என்று சண்டை. அளக்கவில்லை. தட்டில் வைக்கிற வரிசையை மட்டும் மாற்றினோம். முதலில் பொரியலும் கீரையும் பாதித் தட்டு, அப்புறம் பருப்பு அல்லது முட்டை, கடைசியில் சோறு. காய், கீரை சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாங்க காயை விற்றுவிட்டு ரசஞ்சோறு தின்று கொண்டிருந்தோம்! இப்போது வீட்டுக்கு எடுத்து வைத்த பிறகுதான் சந்தைக்கு.

தீட்டாத பாரம்பரிய அரிசியில் தவிடும் நாரும் உண்டு, மென்று தின்றால் வயிறு சீக்கிரம் நிறையும். ஆனால் மூணு தட்டு தின்றால் அதுவும் எடையைத்தான் ஏற்றும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். நாலு பேருக்கு மாசம் 6 லிட்டர் கடலெண்ணெய் செலவான வீட்டில் இப்போது மூணரை லிட்டர். குளிர்பானம் 250 மில்லியில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிப் படித்துக் காட்டியது பையன்தான். தடை போடவில்லை. வீட்டில் வாங்கி வைப்பதை நிறுத்தினோம். விசேஷத்தில் இலையில் ஜிலேபி விழுந்தால் ரெண்டு பேரும் ஒன்று சாப்பிடுவோம்.

பைக்கை விட்டுவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் தோட்டத்துக்கு நடக்கிறேன். அவனுக்கு அஞ்சு சென்ட் இடம் பிரித்துக் கொடுத்தேன், விற்ற காசு அவனுக்கு. வேலையைத் தண்டனையாகக் கொடுத்தால் விவசாயமே கசந்துவிடும் இல்லையா? பஞ்சகவ்யா கலக்குவது, கோனோவீடர் தள்ளுவது, நீச்சல் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் தினம் ஒரு மணி நேரம்தான்.

இப்போது

ஒன்பது மாசத்தில் நான் 88-லிருந்து 79-க்கு வந்தேன். நடுவில் ரெண்டு மாசம் ஒரு கிலோகூட இறங்கவில்லை. அதையும் அவனிடம் மறைக்கவில்லை. அவன் 74 கிலோ, உயரம் 3 செ.மீ. கூடியிருக்கிறது. சர்க்கரை 97. கழுத்துக் கருப்பு முழுசாகப் போகவில்லை, வெளுத்திருக்கிறது. இன்னும் தூரம் இருக்கிறது.

இதே நிலையில் இருக்கிற வீடுகளுக்கு நான் சொல்ல நினைப்பது:

• பிள்ளையின் எடையைப் பார்க்கும் முன் உங்க எடையைப் பாருங்க.
• நாலு பேர் முன்னால் உடம்பைப் பற்றிப் பேசாதீங்க, செல்லமாகக்கூட.
• அவனுக்கொரு சமையல், உங்களுக்கொரு சமையல் வேண்டாம்.
• பின்கழுத்துக் கருப்பு, தூக்கத்தில் பெருங்குறட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க. ஒளிந்து தின்பதும், தின்றதை வாந்தி எடுப்பதும், யாரோடும் பேசாமல் ஒதுங்குவதும் அப்படியே.
• எடை குறைக்கும் பவுடர், மாத்திரை விளம்பரங்களை நம்பாதீங்க.

போன ஞாயிறு அஞ்சு மணிக்கு வண்டியில் மூட்டை ஏற்றும்போது, அவனாகவே வந்து தன் அஞ்சு சென்ட் வெண்டைக்காயைக் கூடையோடு தூக்கி வைத்தான். "நீ வர்றியா கண்ணு?" என்றேன். "என் காயை நாந்தான விக்கணும்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்தான்.