மிளகாய் எரிச்சல்

மிளகாய் எரிச்சல் என்பது மிளகாயை அரியும்போதும், காம்பு கிள்ளும்போதும், அரைக்கும்போதும் அதிலுள்ள காரப்பொருள் தோலில் படிவதால் உண்டாகும் எரிவுணர்வு ஆகும். இது பெரும்பாலும் விரல்களிலும் நகக்கண்களிலும் தோன்றும். மருத்துவ இதழ்களில் இதற்கு 'ஹுனான் கை' என்ற பெயரும் உண்டு. மிளகாய் மிகுந்த சமையலுக்குப் பெயர்பெற்ற சீன மாகாணமான ஹுனானையொட்டி இப்பெயர் வழங்கலாயிற்று. எரிச்சல் பொதுவாகச் சில மணி நேரத்தில் தணியும். சிலருக்கு ஒரு நாள்வரையும் நீடிக்கலாம்.

காரணம்

மிளகாயின் உறைப்புக்கு முதன்மையான காரணம் காப்சைசின் என்னும் வேதிப்பொருள். விதைகளில்தான் காரம் இருக்கிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சூல் ஒட்டுத்திசுவில்தான் காப்சைசின் உருவாகிறது. அதை ஒட்டியிருப்பதால் விதைகளின் மேலும் காரம் படிகிறது. ஆகவே மிளகாயைக் கீறி உள்ளிருப்பதை விரலால் வழித்தெடுக்கும் வேலையில் எரிச்சல் அதிகம்.

தோலிலுள்ள வலி நரம்புகளின் முனைகளில் டிஆர்பிவி1 என்னும் புரத ஏற்பி உள்ளது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் இது திறந்து, 'சுடுகிறது' என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். காப்சைசினும் இதே ஏற்பியைத் திறந்துவிடுகிறது. அதனால் கை சுடாமலேயே சுட்டதுபோன்ற உணர்வு எழுகிறது. இந்த ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியசு தலைமையிலான குழுவினர் கண்டறிந்தனர். இவ்வகை ஆய்வுகளுக்காக அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தூண்டப்பட்ட நரம்பு முனைகள் சில வேதிப்பொருள்களை வெளியிட, அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. தோல் சிவப்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலான நேரங்களில் தோலின் திசு வெந்துபோவதில்லை. காப்சைசின் தோலினுள் மெல்ல ஊடுருவுவதால், வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தும் எரிச்சல் தொடங்கலாம். பகலில் மிளகாய் அரிந்தவருக்கு இரவில் கை காந்துவது இதனால்தான்.

தண்ணீர் மட்டும் போதாதது ஏன்?

காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெய், கொழுப்பு, ஆல்ககால் ஆகியவற்றில் கரையும். வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் நரம்புகள் குளிர்ந்து சற்று இதமாக இருக்கும். ஆனால் காரப்பொருளின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். கையை வெளியே எடுத்ததும் எரிச்சல் திரும்பும். 1987-இல் வெளியான ஒரு மருத்துவ ஒப்பீட்டில், குளிர்ந்த தண்ணீரில் கைகளை அமிழ்த்தியவர்களுக்கு விரைவாக இதம் கிடைத்தது. தாவர எண்ணெயில் அமிழ்த்தியவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் நெடுநேரம் நீடித்தது.

வீடுகளில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவும் வழக்கத்துக்கு இவ்வகையில் அடிப்படை உண்டு. ஆனால் எண்ணெயைத் தடவி அப்படியே விட்டுவிடுவது தவறு. எண்ணெயில் கரைந்த காரம் தொட்ட இடமெல்லாம் பரவும். அதைச் சவர்க்காரத்தால் நீக்கியாக வேண்டும்.

தணிக்கும் முறை

1. முகம், கண், பிறர் உடல் எதையும் தொடாமல் மோதிரம், வளையல்களைக் கழற்ற வேண்டும். அவற்றின் இடுக்குகளில் காரம் தங்கும்.
2. சமையல் எண்ணெயைக் கைகளில் தாராளமாகத் தடவி, விரலிடுக்கு, நகக்கண் உட்பட ஓரிரு நிமிடங்கள் மென்மையாகத் தேய்க்க வேண்டும்.
3. பாத்திரம் துலக்கும் திரவம் அல்லது சோப்பைத் தண்ணீர் சேர்க்காமல் எண்ணெயின் மேலேயே பூசி நுரைக்கச் செய்து, பிறகு குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும்.
4. எரிச்சல் குறையும்வரை இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யலாம்.
5. எஞ்சும் எரிச்சலுக்குக் குளிர்ந்த பாலிலோ தயிரிலோ கைகளை வைத்திருக்கலாம். பாலின் கொழுப்பு காப்சைசினைக் கரைக்கிறது. கேசின் என்னும் பால் புரதம் அதனுடன் பிணைகிறது.

வெந்நீரைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும் ஏற்பிகள் வெப்பத்தால் மேலும் தூண்டப்படும். கல், நார் கொண்டு தேய்ப்பதும் தோலைப் புண்ணாக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றியே ஒற்ற வேண்டும்.

'காரம்' என்ற சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் 'காரம்' என்பது உறைப்பையும் குறிக்கும். வேதியியலில் அமிலத்துக்கு எதிரான பொருளையும் குறிக்கும். இதனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ மிளகாயின் காரத்தை 'நடுநிலையாக்கிவிடும்' என்று சிலர் கருதுகின்றனர். காப்சைசின் வேதியியல் பொருளில் காரம் அல்ல; ஆகவே அந்த விளக்கம் பொருந்தாது. வெடிப்போ கீறலோ உள்ள கையில் எலுமிச்சை பட்டால் எரிச்சல் கூடவே செய்யும். துணி வெளுக்கும் திரவத்தைப் பயன்படுத்துவதும் கூடாது; அது தோலை அரிக்கும்.

கண்ணும் குழந்தைகளும்

கையில் எரிச்சலே தெரியாதவருக்கும் அதே விரல் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். விரல் தோலைவிடக் கண்ணின் மேற்பரப்பு மிக மெல்லியது. கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், பால் எதையும் விடாமல், தூய்மையான நீரால் கால் மணி நேரமாவது தொடர்ந்து கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தொடுவில்லை அணிந்திருந்தால் காரம் படாத கையால் அகற்ற வேண்டும். காரம் பட்ட வில்லையைத் திரும்ப அணியக் கூடாது.

குழந்தைகளின் தோல் மென்மையானது. மிளகாய் தொட்ட கையால் குழந்தைக்குச் சோறூட்டுவது, கால் கழுவிவிடுவது போன்றவற்றால் குழந்தைக்கு எரிச்சல் உண்டாகலாம். காரணம் சொல்லத் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

தடுப்பு

நைட்ரைல் கையுறை நல்ல பாதுகாப்பு. அது இல்லாதபோது கைகளில் முன்கூட்டியே எண்ணெய் பூசிக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்பால் கழுவலாம். மிளகாயைக் கத்தரிக்கோலால் நறுக்குவதும், விதையைக் கரண்டியால் எடுப்பதும் தொடுகையைக் குறைக்கும். அரிவாள்மனை, பலகை, கத்தி ஆகியவற்றையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வற்றலைக் காயவைக்கும் களங்களில் நாள்முழுதும் காம்பு கிள்ளுவோருக்குக் கையுறையுடன் முகக்கவசமும் தேவை. மிளகாய்த் தூசி இருமலையும் மூச்சுத் திணறலையும் தூண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

கொப்புளம், வீக்கம், ஒரு நாளுக்கு மேல் குறையாத வலி, கழுவிய பின்னும் நீங்காத கண் எரிச்சல் அல்லது பார்வை மங்கல், மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருத்துவப் பயன்

எரிச்சலைத் தரும் அதே காப்சைசின் வலி நீக்கியாகவும் பயன்படுகிறது. தொடர்ந்து தூண்டப்படும் நரம்பு முனைகள் நாளடைவில் உணர்வு மழுங்குகின்றன. இதனால் மூட்டுவலிக்கான களிம்புகளில் இது சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அக்கி வந்து நீங்கிய பிறகும் தொடரும் நரம்பு வலிக்கு 8 விழுக்காடு காப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டை உண்டு. அதை ஒட்டும் மருத்துவப் பணியாளர்களும் நைட்ரைல் கையுறை அணிந்தே ஒட்டுகின்றனர்.